கையை எடுத்த பிறகும்

ஊசி என்றால் எனக்குப் பயம். இந்த வயதிலா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் நேராக என் அண்ணன் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன். அங்கே லேபில் ரத்தம் எடுப்பது அவன் வேலை. நான் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். அவன் உப்புச்சப்பில்லாத ஒரு கதையை ஆரம்பிப்பான். அது முடிவதற்குள் பஞ்சை வைத்து என் முழங்கையை மடக்கிவிட்டு, "எழுந்திரு, இடத்தை அடைக்காதே" என்பான். எங்களுக்குள் பாசம் என்று ஒன்று இருந்தால் அது அந்த நாற்காலியில்தான் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் சண்டைதான்.

அதனால் அன்று காலை வெறும் வயிற்றோடு போய், சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தபோது அவன் சொன்னதைக் கேலி என்றுதான் நினைத்தேன்.

"எதிர் மேஜை அக்கா எடுப்பாங்க. அங்க போ."

"விளையாடாதே அண்ணா. பசிக்குது."

"விளையாடல வாண்டு. அவங்களும் நல்லாத்தான் எடுப்பாங்க. போ."

முப்பதைத் தாண்டிய பிறகும் நான் அவனுக்கு வாண்டுதான். ஆனால் அன்று அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் வெள்ளை மேலங்கியின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றான். எதிர் மேஜை அக்கா, பாவம், அன்பாக "வாம்மா" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ரத்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டு வெளியே வந்துவிட்டேன். எதிர்க்கடையில் நின்று இரண்டு பன் தின்ற பிறகுதான் யோசிக்கவே முடிந்தது. அண்ணன் என்னைத் திட்டுவான், கிண்டல் செய்வான், என் பிறந்தநாளை மறப்பான். என் கையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்ததில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கணினித் திரையில் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், மவுஸின் அம்புக்குறி ஒரு வரியின் மேல் வந்து நின்றால் அந்த வரி என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வதுதான் என் பிழைப்பு. அந்தக் கடைசி விஷயத்துக்கு எங்கள் தொழிலில் ஹோவர் என்று பெயர். அழுத்துவதற்கு முன்பே, 'ஆமாம், நீ என்னைத்தான் தொடப் போகிறாய்' என்று அந்த வரி நமக்குச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பின்னணி நிறம் லேசாக மாறும், அவ்வளவுதான். இதற்கெல்லாமா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அண்ணி ஒருமுறை நிஜமான அக்கறையோடு கேட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிகளுக்காக நாங்கள் செய்த செயலியில் திரையின் இடது பக்கம் கிளை கிளையாக விரியும் ஒரு பட்டியல் உண்டு. மாடி, மாடிக்குள் வார்டு, வார்டுக்குள் நோயாளி, நோயாளிக்குள் பரிசோதனைகள். ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதை அழுத்தினால் கிளை விரியும், மறுபடி அழுத்தினால் மூடிக்கொள்ளும். ஆபீஸில் நாங்கள் அதை மரம் என்போம்.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் மெருகு. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் மெருகு" என்பார். மரத்தின் வரிகளுக்குச் சாம்பல் நிறம் கொடுத்துப் பார்த்தேன், இளநீலம் கொடுத்துப் பார்த்தேன். மெருகு, மெருகு என்றார். கடைசியில் வெறுத்துப் போய், அம்பு மேலே வந்ததும் அந்த வரி வலது பக்கமாக ஆறு பிக்சல், அதாவது திரையில் ஆறு புள்ளி தூரம், வழுக்கிக்கொண்டு நகர்கிற மாதிரி செய்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஒருவர் வரிசையிலிருந்து அரை அடி முன்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. மெருகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான். இப்பதான் இதுக்கு உயிர் வந்திருக்கு" என்றார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அந்தச் செயலி அண்ணனின் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்ந்தது. "இது என் தங்கச்சி செஞ்சது" என்று அவன் லேப் முழுக்கத் தம்பட்டம் அடித்தான். என்னிடம் மட்டும் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று குறை சொன்னான்.

பன் தின்று முடித்ததும் அண்ணிக்குப் போன் செய்தேன். அண்ணி எப்போதும் போனில் அரை மணி நேரம் பேசுகிறவர். அன்று, "ஞாயித்துக்கிழமை வா, நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணன் கூடத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படிக்கவில்லை, பக்கமே திரும்பவில்லை. நான் நேராக அடுப்படிக்குப் போனேன். அண்ணி மூன்று கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு நிறைந்திருந்தன, ஒன்று பாதிதான் இருந்தது.

"அது ஏன் அண்ணி பாதி?"

"முழுசா ஊத்தினா சிந்துதாம்." அண்ணி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கை நடுங்குதுங்கறார். உங்க அப்பாவுக்கு வந்ததே, அதேதானாம்."

நான் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டினானா?"

"காட்டினா வியாதிக்குப் பேர் வெச்சிடுவாங்களே. அதுக்குப் பயந்துகிட்டு போகல. நாளைக்குப் பெரிய டாக்டரைப் பார்த்து, ரத்தம் எடுக்கிற வேலை வேண்டாம், பதிவு கவுன்ட்டருக்கு மாத்திடுங்கன்னு கேட்கப் போறாராம். நான் கெஞ்சிப் பார்த்துட்டேன். நடுங்குற கையில ஊசியைப் பிடிச்சா வலி நமக்கில்ல, எதிர்ல உக்கார்ந்திருக்கிறவங்களுக்குங்கறார். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அப்பா மின்வேலை செய்தவர். அவருக்கு முதலில் தெரிந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவரில்தான். திருகின் பள்ளத்தில் அது உட்கார மறுத்தது. வைப்பார், நழுவும். மறுபடி வைப்பார், மறுபடி நழுவும். கண்ணாடி சரியில்லை என்று புதுக் கண்ணாடி வாங்கினார். பிறகு கட்டை விரல், பிறகு கை முழுக்க. கடைசி வருடங்களில் சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. என்னை அருகில் விடமாட்டார். அண்ணன் முன்னால் மட்டும் தினமும் காலையில் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவன் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவான். அந்த வீட்டில் அந்த நோயை விரல் நுனியில் தெரிந்துகொண்டவன் அவன் ஒருவன்தான்.

அவன் கை சாதாரணக் கை இல்லை. குழந்தைகள் வார்டில் யாருக்காவது நரம்பே கிடைக்கவில்லை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை அழ ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிட்டு வந்துவிடுவான். தன்னைப் பற்றி எந்த விஷயத்திலும் பெருமை பேசாதவன், அந்த ஒரு விஷயத்தை மட்டும் சாப்பிடும்போது இரண்டு தடவை சொல்வான். பதிவு கவுன்ட்டரில் அவன் உட்கார்ந்து பெயர், வயது, முகவரி கேட்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா அழுவ."

"திட்டியிருப்பேன்."

"அது இன்னும் மோசம்."

"எப்ப ஆரம்பிச்சுது?"

லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"உன் மரத்துலதான் முதல்ல தெரிஞ்சுது. அந்த முக்கோணத்தை அழுத்தலாம்னு போறேன். பக்கத்துல போனதும் நடுங்குது. அம்பு உக்கார மாட்டேங்குது, நழுவிடுது. அப்பாவோட ஸ்க்ரூ டிரைவர் மாதிரியே."

"மத்தவங்களுக்கு?"

"அதையும் கேட்டேன். எதிர் மேஜை அக்கா, எனக்கு ஒழுங்காத்தானே வருதுன்னு என் முன்னாலயே அழுத்திக் காட்டினாங்க. அவங்களுக்கு வருது, எனக்கு வரல. அப்புறம் வீட்ல ஒரு காகிதத்தைக் கைமேல வெச்சுப் பார்த்தேன். அது ஆடுச்சு. டீ சிந்துச்சு. எல்லாம் வரிசையா வர ஆரம்பிச்சிடுச்சு."

"ஊசி?"

"ஊசி இன்னும் ஆடல. ஆடுறதுக்கு முன்னாடி நிறுத்திடணும்னு பார்க்கிறேன்."

எனக்குத் தெரிந்தது என் வேலை மட்டும்தான். முக்கோணத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால், வரிகளுக்கு நடுவே இடம் விட்டால், நடுங்கும் கையாலும் அவன் சமாளிக்க முடியுமே என்று தோன்றியது. அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது. எங்கே போனாலும் முதுகில் சுமந்துகொண்டு போகும் மடிக்கணினியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சோதனைக்காக வைத்திருக்கும் பொய் நோயாளிப் பெயர்களோடு மரத்தைத் திறந்தேன். மவுஸைச் செருகினேன்.

"எவ்வளவு நடுங்குதுன்னு காட்டு. அதுக்கேத்த மாதிரி மாத்தித் தரேன்."

"வேண்டாம் விடு."

"காட்டுன்னா காட்டு."

உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அண்ணி கைத்துணியோடு அடுப்படி வாசலில் நின்றார். அண்ணன் அம்பை மெதுவாகக் கொண்டுபோனான். வார்டின் பெயரைத் தாண்டி, முக்கோணத்தைத் தேடி, அதன் இடது ஓரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினான்.

நடுங்கியது. கண்ணால் பார்க்கிற நடுக்கம், சந்தேகமே இல்லை.

"பார்த்தியா?" என்றான் மெதுவாக.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் திரையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால்தான் குனிந்து அவன் கையைப் பார்த்தேன். கை மவுஸின் மேல் அப்படியே கிடந்தது. விரல் ஒன்றுகூட ஆடவில்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். இந்த முறை வரியைப் பார்க்காமல் அம்பைப் பார்த்தேன். அம்பு ஆணி அறைந்து வைத்தது போல நின்றது. அதற்குக் கீழே வரிதான் வலது பக்கம் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, கையை எடு."

"ஏன்?"

"எடுன்னு சொல்றேன்ல."

எடுத்தான். ஏதோ தப்பு செய்துவிட்டவனைப் போல இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டான். மவுஸை யாரும் தொடவில்லை. மேஜை ஆடவில்லை. வரி நடுங்கிக்கொண்டே இருந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விஷயம் இவ்வளவுதான். அம்பு வரியின் இடது ஓரத்தில் வந்து நின்றதும் வரி ஆறு பிக்சல் வலது பக்கம் நகர்கிறது. நகர்ந்ததும் அம்பு வரிக்கு வெளியே நிற்கிறது. அம்பு போய்விட்டது என்று நினைத்து வரி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. திரும்பியதும் அம்பு மறுபடி அதன் மேல் இருக்கிறது. மறுபடி நகர்கிறது. இது விடாமல் நடக்கும், அம்பை எடுக்கும் வரை. பெயரின் மேல் அழுத்துகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் பெயர் நீளமானது, ஆறு பிக்சல் நகர்ந்தாலும் அம்பு அதன் மேல்தான் இருக்கும். பெயரை அழுத்தினாலும் கிளை விரியும் என்பதால் நான் பெயரைத்தான் அழுத்துவேன். மெருகும் அப்படித்தான், எதிர் மேஜை அக்காவும் அப்படித்தான். ஆபீஸில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தவர்களும் அப்படித்தான். இருப்பதிலேயே சின்ன இடத்தைத் தேடிப்போய், அதன் நுனியில் குத்த நினைக்கிறவன் என் அண்ணன் ஒருவன்தான்.

"நடுங்கினது நீ இல்ல அண்ணா" என்றேன். "என் வரி."

அவன் கையைக் கீழே இறக்கவில்லை. அண்ணி வந்து அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, மவுஸைப் பிடித்து அம்பை வேறொரு வரியின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். அந்த வரியும் நடுங்கியது.

"எனக்கும் நடுங்குது" என்றார் அண்ணி. நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. கைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் தன் வலது கையை முகத்துக்கு நேராகப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்த நகர்ற வேலையைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"நீயேவா?"

"நானேதான். உயிர் வந்திருக்குன்னு பாராட்டுகூட வாங்கினேன்."

"அதுக்கு உயிர் வந்துது. எனக்கு உயிர் போச்சு" என்றான். செய்தித்தாளைச் சுருட்டி என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தான். வலித்தது. இன்னொன்று வைத்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் செய்த தப்பு ஒன்று கையும் களவுமாகப் பிடிபட்டு, அதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப டீ சிந்தினது?" அண்ணி விடவில்லை. "காகிதம் ஆடினது?"

"பயம்தான்" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். "ஆடுமோ ஆடுமோன்னு பார்த்துக்கிட்டே இருந்தா எது ஆடாது?"

அண்ணி எழுந்துபோய் அவன் கோப்பையை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார். "குடிங்க பார்க்கலாம்." அவன் எடுத்துக் குடித்தான். ஒரு சொட்டு சட்டையில் விழுந்தது. அவ்வளவு நிரப்பினால் யார் குடித்தாலும் விழும் என்று அண்ணியே சொன்னார். ஆனாலும் விடாப்பிடியாக அந்த வாரமே அவனை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து நத்தை ஓடு மாதிரி சுழி சுழியாக வரையச் சொன்னாராம். நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லி எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குங்கள் என்றாராம். அந்தச் சுழியை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார்.

திங்கட்கிழமை அவன் பெரிய டாக்டரிடம் போகவில்லை. அதற்குப் பதிலாக, எங்கள் நிறுவனத்துக்கு முறைப்படி ஒரு புகார் அனுப்பினான். 'இடது பக்கப் பட்டியலில் வரிகள் நடுங்குகின்றன. பயன்படுத்துபவர்கள் பயப்படுகிறார்கள்.' அது சுற்றி வளைத்து என் மேஜைக்கே வந்தது. தங்கச்சியாக இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று பிறகு விளக்கம் வேறு கொடுத்தான்.

அதற்குள் நான் வரியை நகராமல் நிறுத்திவிட்டிருந்தேன். அம்பு மேலே வந்தால் பின்னணி இளநீலமாக மாறும், இடத்தைவிட்டு அசையாது. மெருகு வந்து பார்த்தார்.

"அந்த நகர்றது எங்க போச்சு? செத்துப் போன மாதிரி இருக்கே."

பழைய மரத்தைத் திறந்து, அம்பை முக்கோணத்தின் ஓரத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார். இப்போது கையை எடுங்கள் என்றேன். எடுத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் கதையைச் சொன்னேன். அவருடைய முகம் வெளுத்துவிட்டது.

"இது எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு?"

"நிறைய."

"இன்னிக்கே எல்லா இடத்துலயும் மாத்திடு."

"மெருகு?"

"மெருகும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வரி வரியா இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டோம். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போனேன். எதிர் மேஜை அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அண்ணன் திரையில் என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தான். அம்பு முக்கோணத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது, அழுத்தினான், கிளை விரிந்தது. எழுத்து இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது என்றான்.

ரப்பர் பட்டையை என் மேல் கையில் கட்டினான். முழங்கை மடிப்பில் விரலால் தட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் கதவுக்கு வாங்கின பெயின்ட் பற்றி ஏதோ கதையை ஆரம்பித்தான். நான் வழக்கம்போல முகத்தைச் சுவர் பக்கம் திருப்பப் போனேன். திருப்பவில்லை. குனிந்து அவன் கையைப் பார்த்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவில் ஊசி. எதுவும் ஆடவில்லை. சின்னக் குழாயில் சிவப்பு ஏறியது, நின்றது. பஞ்சு வந்தது. என் கை மடங்கியது.

"இன்னிக்கு என்ன அதிசயமா சுவரைப் பார்க்கல?" என்றான். "வலிச்சுதா?"

"தெரியல" என்றேன். "நான் உன் கையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

குழாயில் என் பெயரை ஒட்டினான். பெயின்ட் கதையின் மிச்சம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு, "எழுந்திரு, இடத்தை அடைக்காதே" என்றான்.